ரிகம்பென்ட் டிரைக்குக்கு எந்த டயர்?

கேள்வி: பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் தினமும் ஓட்டும் ரிகம்பென்ட் டிரைக் (சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூணு சக்கர சைக்கிள்), மூணும் 20 இன்ச் சக்கரம். ரோட்டோரக் கம்பித் துணுக்குகள் முன் டயர்களைக் குத்திக்கொண்டே இருக்கின்றன. எதை மாட்டலாம்?

பதில்: டயர் பக்கவாட்டில் ரிம் அளவு (மி.மீ.) 406-ஆ, 451-ஆ என்று முதலில் பாருங்க சார். ரெண்டுமே 20 இன்ச்தான், ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. 406 என்றால் ஷ்வால்பே கம்பெனியின் மாரத்தான் பிளஸ் டயர், 47-406 (47 என்பது டயர் அகலம், மி.மீ.). டிரெட்டுக்கு (ரோட்டில் படும் பகுதிக்கு) அடியில் 5 மி.மீ. ரப்பர் அடுக்கு, லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய கம்பி ட்யூப்வரை போவது அபூர்வம். கனம் கூடும், உருளலும் கொஞ்சம் மந்தம். ஆனால் இந்த ரோட்டுக்கு அதுதான் சரி.

பதில்: பழைய டயரையே போடுவதானால் உள்பக்கம் பஞ்சால் துடைத்துப் பாருங்க. இழை சிக்கும் இடத்தில் கம்பி நிற்கும். அதைப் பிடுங்காமல் புது ட்யூப் போட்டால் மறுபடியும் அதே இடத்தில் ஓட்டை.

பதில்: டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) பாருங்கண்ணே! முன்சக்கரங்கள் இணையாக இல்லாவிட்டால் எந்த டயரும் ரோட்டில் உரசிச் சீக்கிரம் தேயும். தேய்ந்த டயரில் கம்பி சுலபமாக ஏறும். அச்சு உயரத்தில் ரெண்டு ரிம்முக்கும் நடுவே முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்க.