புதிய அரசியலமைப்பு வரும்வரை மாகாண சபையும் வேண்டாமா?

கேள்வி:
இலங்கையில் அரசியல் தீர்வு என்று பேச்செடுத்தாலே சமஷ்டி (கூட்டாட்சி) கிடைக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று ஒரு பக்கம் நிற்கிறது. தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957 பண்டா-செல்வா ஒப்பந்தம் அடுத்த வருடமே பிக்குகளின் எதிர்ப்பில் கிழிந்தது, டட்லி சேனநாயக்கவோடு செய்த 1965 டட்லி-செல்வா ஒப்பந்தமும் மாவட்ட சபை வராமலே போனது. மிஞ்சியது 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு வந்த மாகாண சபை. வடக்கில் அதுவும் 2018 அக்டோபரோடு முடிந்து, பிறகு வருடக்கணக்காக ஆளுநர் ஆட்சிதான். வாக்கு விகிதப்படி ஆசனம் கொடுக்கும் பழைய விகிதாசார முறைப்படியே முதலில் தேர்தலை வைக்கச் சொல்வோம், அரசியலமைப்புப் பேச்சு பக்கத்தில் நடக்கட்டும் என்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

பதில் 1:
தேர்தல் வேண்டும்தான். ஆனால் அதிகாரம் எங்கே? காணி, பொலிஸ் இரண்டும் சட்டத்தில் இருக்கிறது, கைக்கு வந்ததேயில்லை. நிதி சம்பந்தமான நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) கொண்டுவர ஆளுநர் சிபாரிசு செய்ய வேண்டும், அவரை நியமிப்பவரோ ஜனாதிபதி. அப்புறம் 1992இல் ஒரு சட்டம் போட்டுப் பிரதேச செயலாளர்களையும் மத்திக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் அலுவலகமே மாகாணத்தின் பேச்சைக் கேட்காது என்றால் முதலமைச்சர் இருந்து என்ன பயன்? தேர்தலோடு சேர்த்து அந்தச் சட்டத்தைத் திருத்தவும் கேளுங்கள், அதற்குச் சர்வஜன வாக்கெடுப்பு தேவையில்லை.

பதில் 2:
நான் கிழக்கில் இருக்கும் முஸ்லிம். மாகாண சபைக்கு வழிவைத்த 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்போது எங்களை யாரும் கேட்கவில்லை. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதும் எங்களுக்கு மறக்கவில்லை. அந்த ஒப்பந்தத்தால் ஒரே மாகாணமாக இணைந்து, 2006இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு பிரிந்த வடக்கு-கிழக்கை மறுபடி இணைக்க வேண்டும் என்பவர்கள் கொழும்புக்குப் போகும் முன்னால் எங்களோடு பேசுங்கள். காணி அதிகாரம் வந்தால் யாருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை எழுத்தில் கேட்போம், அதில் கோபப்பட எதுவுமில்லை.

பதில் 3:
நாடு ஒற்றையாட்சி (சமஷ்டிக்கு எதிரானது) என்ற அரசியலமைப்பு உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். 2024இல் தேசிய மக்கள் சக்தி நாடாளுமன்றத்தின் 225இல் 159 ஆசனங்கள் எடுத்ததால் முதலாவது சாத்தியம்தான், கஷ்டம் இரண்டாவதில். தமிழருக்கு மட்டும் கொடுக்கும் சலுகையாகத் தெரிந்தால் தெற்கில் தோற்கும். ஆளுநர் பிடியைத் தளர்த்துவது ஒன்பது மாகாணங்களுக்கும் நல்லது என்று சிங்களத்தில் போய்ச் சொல்ல நம் கட்சிகளில் எத்தனை பேர் தயார்?

கேட்டவர்:
சரி, அப்படியானால் தேர்தலையும் 1992 சட்டத் திருத்தத்தையும் ஒரே கோரிக்கையாக வைக்கலாம். இணைப்பு பற்றி முஸ்லிம் கட்சிகளோடு பேசுவதை அதற்காகத் தள்ளிப்போடக்கூடாது, தேர்தலுக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும்.