பில்பாவோ ஆற்றங்கரை நிலம்: ஆய்வுக்கு உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். ஸ்பெயினின் பில்பாவோ நகரில், நெர்வியோன் ஆற்றங்கரையின் பழைய தொழிற்சாலை நிலங்கள் புதுவாழ்வு பெற்ற விதம் குறித்து முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். ஓரிடத்தில் தடைபட்டு நிற்கிறேன்.

1997இல் அங்கே திறக்கப்பட்ட குக்கன்ஹைம் நவீனக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் பின்னால் இருந்த நில ஏற்பாடு. 1992இல் ஸ்பெயின் மத்திய அரசும் பில்பாவோ அமைந்துள்ள பாஸ்க் பகுதியின் நிர்வாகங்களும் சரிபாதிப் பங்குடன் தொடங்கிய 'பில்பாவோ ரியா 2000' நிறுவனம், துறைமுகம், ரயில்வே போன்ற பொது அமைப்புகளிடம் பயனற்றுக் கிடந்த நிலங்களைப் பெற்றுச் சீரமைத்து, ஒரு பகுதியைக் கட்டுமான நிறுவனங்களுக்கு விற்று, அந்தப் பணத்தையே பூங்காக்களிலும் ரயில் பாதைப் பணிகளிலும் செலவிட்டது. நிலவிலை ஏறும்வரைதான் இந்த முறை தாங்கும் என்பது என் கருத்து.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். எவுஸ்கல்துனா கப்பல் கட்டும் தளத்தில் உழைத்த 'கரோலா' என்ற சிவப்பு கிரேன், இன்று கடல்சார் அருங்காட்சியகத்தின் அருகே ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. கிரேனைக் காப்பாற்றியிருக்கிறார்கள், 1980களில் அத்தளம் மூடப்படுவதை எதிர்த்துக் கடுமையாகப் போராடிய தொழிலாளர்களின் பிற்கால வாழ்க்கை என்ன ஆனது என்பதே என் கேள்வி.

அவர்களின் வாய்மொழிப் பதிவுகளோ, மாசடைந்த மண்ணைச் சுத்தம் செய்த செலவை யார் ஏற்றார்கள் என்பதற்கான ஆவணங்களோ எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஸ்பானிய மொழி ஆவணங்களைப் படித்து விளக்கக்கூடியவர்கள் யாரேனும் இருந்தால், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் எனக்குப் பேருதவியாக இருக்கும்.