ஊட்டி ரேஸ்கோர்ஸ் போனது இழப்பா?

நாகர்கோவில்வாசி:
2024 ஜூலையில் ஊட்டி ரேஸ்கோர்ஸின் 52 ஏக்கரை அரசு எடுத்துக்கொண்டது. அங்கே பூங்கா அமைப்பது திட்டம். பலரும் பாராட்டுகிறார்கள், எனக்கு மனம் ஆறவில்லை. அப்பாவுக்கு அங்கே வேலை என்பதால் என் பள்ளிப்பருவம் ஊட்டியில் கழிந்தது. ஏப்ரல் 14 வந்தால் பந்தயம் தொடங்கிவிடும். பஸ் நிலையத்தை அடுத்த வேலியோரம் நின்றபடியே பார்ப்போம். பந்தயத்தைவிட எனக்குப் பிடித்தது விடியற்காலைப் பயிற்சிதான். ஓடி முடித்த குதிரையின் முதுகிலிருந்து குளிரில் ஆவி எழும். லாயக்காரர் வியர்வையை வழித்துவிட்டு, கம்பளி போர்த்தி, மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்திக்கொண்டே இருப்பார். குதிரையிடம் ஏதோ பேசிக்கொண்டும் இருப்பார். அந்த அக்கறையைப் பார்த்து வளர்ந்தவனால் அதை வெறும் சூதாட்டக்களம் என்று ஒதுக்க முடியாது.

தக்கலைக்காரி:
அண்ணாச்சி, நீங்கள் வேலிக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே போனவரின் வீட்டில் வளர்ந்தவள் நான். சென்னையில் இருந்தபோது அப்பா கிண்டி ரேஸ்கோர்ஸுக்குப் பந்தயம் கட்டப் போவார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, பிறகு வளையல், கடைசியில் தையல் மெஷின். தைத்துக் கொடுத்துத்தான் அம்மா எங்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் கலைஞர் அரசு கொண்டுவந்த சட்டம் நின்றிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

குழித்துறை இளைஞன்:
அக்கா, அந்தச் சட்டம் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே பந்தயத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்பதுதான் தீர்ப்பு.

தக்கலைக்காரி:
திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் இருக்கிறது தம்பி, யார் இல்லை என்றது? பணம் போனது எங்கள் வீட்டில்.

தோவாளை விவசாயி:
நான் நிலத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வாடகைப் பாக்கி பல நூறு கோடி என்று சொல்லி 2024 செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கரையும் அரசு மீட்டது. அங்கே குளங்கள் வெட்டினார்கள், வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறையட்டும் என்று. நம் மாவட்டத்தில் குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியதைத்தான் பார்த்திருக்கிறோம். பந்தயத்திடல் குளமாவதை நான் மனதார வரவேற்கிறேன். ஊட்டியிலும் அது பள்ளமான இடம். பெருமழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

நாகர்கோவில்வாசி:
குளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல தலைமுறைகளாகக் குதிரை பார்த்தவர்களுக்கு வேறு என்ன வேலை தெரியும்? பூங்கா அமைப்பவர்கள் அவர்களுக்கு அங்கேயே வேலை கொடுக்கட்டும். ஓடுபாதையின் வளைவையும் அழிக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கட்டும்.

தக்கலைக்காரி:
வேலை கொடுப்பதை நானும் ஆதரிக்கிறேன். நடைபாதையும் இருக்கட்டும். ஆனால் அங்கே வரலாற்றுப் பலகை வைத்தால் கோப்பை வென்ற குதிரைகளை மட்டும் எழுதக் கூடாது. 1974 சட்டத்தையும் எழுத வேண்டும்.

குழித்துறை இளைஞன்:
அப்படியானால் 1996 தீர்ப்பையும் எழுத வேண்டும், அக்கா.