வீட்டு சர்வரைக் கண்காணிக்க எந்தக் கருவி ஏற்றது?

செங்கோட்டையில் எங்கள் வீட்டில் ஓடும் சர்வர், ஜூனில் சாரல் தொடங்கியதிலிருந்து அவ்வப்போது முழுவதுமாக உறைந்துவிடுகிறது. மின்விசிறி சுழல்கிறது, விசைப்பலகைக்கும், பிணையம் வழியே அனுப்பும் பிங் சோதனைக்கும் பதில் இல்லை. ஐ3 செயலி, 4 ஜிபி ராம் கொண்ட பழைய லேப்டாப். உபுண்டு சர்வர் 22.04, டாக்கர் கொள்கலனில், கோப்புகளைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட். குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன என்பதால், காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி அணைத்து இயக்க மனம் ஒப்பவில்லை.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் பிழை இல்லை. வட்டு நலமாக இருப்பதாக ஸ்மார்ட்சிடிஎல் காட்டுகிறது. ஜர்னல்சிடிஎல் காட்டும் கணினிப் பதிவோ எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் நடுவிலேயே அறுந்துபோகிறது. இதே கணினியில் வைக்கும் கண்காணிப்புக் கருவி இதனோடு சேர்ந்தே நின்றுவிடும் என்பதால், புனலூரில் அண்ணன் வீட்டிலுள்ள 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில், சர்வர் இயங்குகிறதா என்று பார்க்கும் அப்டைம் குமாவை நிறுவினேன். சர்வர் நின்ற நேரம் டெலிகிராமில் வந்துவிடுகிறது, ஆனால் அதற்கு முந்தைய வெப்பநிலையும் ராம் பயன்பாடும் தெரிவதில்லை, எனக்கு வேண்டியது அதுதான்.

நொடிக்கொரு முறை அளவெடுக்கும் நெட்டேட்டாவிலிருந்து அளவீடுகளைப் புனலூருக்கு உடனுக்குடன் அனுப்புவதா, அல்லது இங்கே அளவீடுகளை வெளியிடும் நோட் எக்ஸ்போர்ட்டரும் அங்கே அவற்றைத் திரட்டி இயல்பாக 15 நாள் தரவைச் சேமிக்கும் புரோமித்தியஸுமா: உறைவதற்கு முந்தைய கடைசி நொடிகளைத் தவறவிடாமல் பிடிக்க, அந்தச் சிறிய கணினி தாங்கக்கூடியது இவ்விரண்டில் எது?