அடிக்கல்லுக்குப் பிறந்தநாள் போஸ்டர் போட்டேன், போன் வந்தது

வேட்பாளரைக் கேலி செய்து படம் போட்டதால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கேலி செய்தவர்கள், கேலிக்கு ஆளானவர்கள் இரண்டு தரப்பும் கீழே தங்கள் கதையைச் சொன்னால்தான் இது முழுசாகப் புரியும்.

சட்டமன்றத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த நேரம். எங்கள் தொகுதி வேட்பாளர் மூன்றாவது தேர்தலாக அதே பாலத்தைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் தேர்தலுக்கு முன்பு நட்ட அடிக்கல் கரையோரப் புதருக்குள் கிடந்தது. அதைப் போட்டோ எடுத்து, தலைவர்களுக்குச் சுவரில் ஒட்டும் பிறந்தநாள் போஸ்டர் மாதிரியே ஒரு படம் செய்தேன். நடுவில் கல், கல்லுக்கு ஆளுயர மாலை, கீழே கைகூப்பி நிற்கும் வேட்பாளர். "பத்தாவது பிறந்தநாள் காணும் எங்கள் அடிக்கல்லே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்!"

அன்று மாலைக்குள் தொகுதி முழுக்கப் பரவிவிட்டது. அவருடைய கட்சிக்காரர்களே சிரித்துக்கொண்டு அனுப்பினார்கள்.

அந்த உற்சாகத்தில் இரண்டாவது படம் போட்டேன். அதில்தான் தப்பு செய்தேன். டிவி சேனல்கள் போடும் நியூஸ் கார்டு வடிவத்தில், "பாலம் வந்தால் ஆற்றின் அழகு கெட்டுவிடும்" என்று வேட்பாளர் சொன்னதாக எழுதியிருந்தேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பகடி' என்று இருந்தது. யாரோ அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை பெரியப்பா போன் செய்தார். "பாத்தியாடா, பாலமே வேண்டாம்னு சொல்லிட்டானாம்!" அவர் சிரிக்கவில்லை, கொதித்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்று புரிந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்றைக்கே இன்னொரு போனும் வந்தது. "தம்பி, நீங்கதானே அந்தப் பேஜ் நடத்துறது? ரெண்டு படத்தையும் எடுத்துடுங்க. எலெக்‌ஷன் டைம், கேஸாயிடும்." பேச்சில் மரியாதை குறையவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே என் அப்பாவின் பெயரையும் அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதையும் சொன்னார்.

நியூஸ் கார்டை எடுத்தேன். 'இதை வேட்பாளர் சொல்லவில்லை, நான் எழுதியது' என்று பதிவு போட்டு, எந்தெந்த குரூப்பில் படம் சுற்றியதோ அங்கெல்லாம் அனுப்பவைத்தேன். போஸ்டரை மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கல் அங்கேதான் கிடக்கிறது. அதை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சொல்லிக்காட்டத் தேர்தலைவிட்டால் வேறு எது நேரம்?

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். "சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." வக்கீல் நண்பன், "எந்தப் பிரிவுன்னு கேளு, எழுத்துல நோட்டீஸ் கேளு, தனியா போகாத" என்றான். கேட்டேன். நோட்டீஸ் வரவே இல்லை. ஆனால் வாக்குப்பதிவு முடியும்வரை கேட் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்துபோய் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு வருவார். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் பரிகாரம் கிடையாது.

யார் தலைவர் என்பதைப் பொறுத்து இது மாறுவதையும் பார்த்துவிட்டோம். 2019 மக்களவைத் தேர்தலின் நடுவே, மம்தா பானர்ஜியின் முகத்தை ஒரு நடிகையின் படத்தில் ஒட்டிய மீமைப் பகிர்ந்ததற்காக பாஜக இளைஞரணிப் பெண் ஒருவரை மேற்கு வங்கத்தில் கைது செய்தார்கள். ஜாமீனுக்கு உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. 2024 மே மாதப் பிரசாரத்தில், தான் மேடையில் ஆடுவதுபோன்ற அனிமேஷன் வீடியோவை மோடியே பகிர்ந்து ரசித்ததாக எழுதினார். அதே சமயத்தில், அதே பாணியில் மம்தா ஆடும் வீடியோவைப் போட்டவரிடம் பெயர், முகவரி கேட்டது கொல்கத்தா போலீஸ். மோடி காட்டிய அந்தத் தாராளமும் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மோடி பற்றிய கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது திரும்பியது.

*

நான் எதிர்ப்பக்கம் இருந்தவள். ஒரு வேட்பாளரின் பிரசாரத்தை இயக்கும் வார் ரூமில் ஆறு வாரம் வேலை பார்த்தேன். உங்களுக்குப் போன் போட்டவர் மாதிரி ஆட்கள் எங்களிடமும் உண்டு. எந்த மீம் வந்தாலும், "ரிப்போர்ட் அடி, பேஜைத் தூக்கு" என்பதுதான் முதல் வார்த்தை.

அவர்களிடம் நான் சொல்லும் கதை ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கதை. 1999-இல் அவர் அமெரிக்க அதிபர் தேர்தலுக்குத் தயாரானபோது, ஜி.டபிள்யூ.புஷ் டாட் காம் என்ற முகவரியை ஜாக் எக்ஸ்லி என்பவர் வாங்கி அவரைக் கேலி செய்து தளம் நடத்தினார். புஷ் தரப்பு தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்தது. நிருபர்கள் கேட்டபோது, "சுதந்திரத்துக்கும் வரம்பு இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார் புஷ். அதுவரை அந்தத் தளத்தைக் கேள்விப்படாதவர்களும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். புகாரும் எடுபடவில்லை.

எங்கள் வேட்பாளர் எந்தக் கூட்டத்திலும் "பாருங்க, பாருங்க" என்று இரண்டு தரம் சொல்லித்தான் ஆரம்பிப்பார். அதை வெட்டி ஒட்டித் தாளம் போட்டு ஒரு பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். அவர் விழுந்து விழுந்து சிரித்துத் தன் பக்கத்திலேயே போட்டார். இரண்டு நாளில் அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

என்னால் மறக்க முடியாதது வேறு. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, பதினொரு மணி இருக்கும். அவர் குரலிலேயே ஓர் ஆடியோ. உடம்புக்கு முடியவில்லை, போட்டியிலிருந்து விலகுகிறேன் என்று. மூச்சு வாங்குவதுகூட அவர் மாதிரியே இருந்தது. கடைசி 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை, கூட்டம் போட்டு மறுக்க வழியில்லை. பூத் ஏஜென்டுகளுக்கு ஒவ்வொருவராக அவரே போன் செய்து பேசினார். விடிகாலை மூன்று மணிக்கு ஒருவர் கேட்டார்: "மேடம், இது நீங்கதானா, இல்ல இதுவும் ஆடியோவா?" அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேட்பாளர் விலகிவிட்டார் என்று பொய் பரப்புவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-இல் தேர்தல் முறைகேடாகவே வருகிறது. ஆனால் எதிர் வேட்பாளரோ அவர் ஏஜென்டோ செய்தார்கள், அல்லது அவர்கள் சம்மதத்தோடு நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். டீப்ஃபேக், அதாவது ஏஐ வைத்துச் செய்த போலி ஆடியோ, வீடியோ, கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் சொன்னதும் கட்சிகளுக்குத்தான். எங்களுக்கு வந்தது எந்தக் கட்சியின் கணக்கிலும் இல்லை, வாட்ஸப்பில் கைமாறிக்கொண்டே வந்தது.

ஒரு பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டிவிட்டு, "கேலிதானே" என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

*

நான் எதையும் வரைந்ததில்லை, வந்ததை அடுத்தவருக்கு அனுப்பியதோடு சரி. குடும்ப குரூப்பில் ஒரு கட்சித் தலைவர் மீமை அனுப்பினேன். சொந்தத் தங்கை மாப்பிள்ளையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டார். அரசு ஊழியன் என்பதால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதோடு விட்டார்கள்.

அனுப்பினதுதானே என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012-இல் மம்தா பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அவர்மீது போட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்துவிட்டது. அவரோ 2023 ஜனவரியில்தான் வழக்கிலிருந்து வெளியே வந்தார். பிரிவு செத்து ஏழு வருஷத்துக்கு மேல் வழக்கு உயிரோடு இருந்திருக்கிறது.

*

வார் ரூமில் இருந்த மேடம், அந்த "இதுவும் ஆடியோவா" என்ற கேள்வியைப் படித்ததிலிருந்து பெரியப்பா குரல்தான் காதில் கேட்கிறது. அவரும் அப்படித்தான் நம்பினார், என்னால்.

பேஜ் இன்னும் நடக்கிறதா என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: நடக்கிறது. நியூஸ் கார்டு வடிவத்தைத் தொடுவதில்லை. யார் வாயிலும் நிஜம்போல வாக்கியம் வைப்பதில்லை. பேஜ் பெயரை ஓரத்தில் போடாமல் படத்தின் குறுக்கே, முகத்தின் மேலேயே போடுகிறேன். அதை வெட்டினால் படமே மிஞ்சாது. அடிக்கல் போஸ்டர் முதல் பதிவாகவே நிற்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன், புதரை வெட்டிக் கல்லுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். பாலம் இன்னும் வரவில்லை.