ஸ்கிம்மர் பக்கம் தண்ணி இறங்குது: தரையை உடைக்காம சரி பண்ண முடியுமா?

கேள்வி

வணக்கம். வீட்டு நீச்சல் குளம், காங்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டினது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். கொஞ்ச நாளா தண்ணி தினமும் 2 செ.மீ. அளவுக்கு இறங்குது. புதுத் தண்ணி விடாம, பம்பையும் நிறுத்திட்டுப் பார்த்தேன். ஸ்கிம்மர் (மேலே மிதக்கிற குப்பையை உள்ளே இழுக்கிற, சுவரில் பதிச்ச பெட்டி) வாயோட கீழ் விளிம்புக்கு வந்ததும் இறக்கம் கிட்டத்தட்ட நின்னுபோச்சு. வாய்க்கும் டைலுக்கும் நடுவில் மயிரிழை அளவு ஒரு கோடு தெரியுது. வந்து பார்த்தவர் ஸ்கிம்மரையே மாத்தணும், சுத்தி இருக்கிற தரையை உடைக்கணும்னு சொல்லிட்டார். வீட்டில் எல்லாரும் வெயில்ல ஆவியாகுதுன்னு சொல்றாங்க. யார் சொல்றது சரி?

பதில் 1

முதல்ல வாளி வெச்சுப் பாருங்க. குளத்துத் தண்ணியையே ஒரு வாளியில் நிரப்பி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்துப் படியில் நிறுத்துங்க. உள் மட்டமும் வெளி மட்டமும் ஒண்ணா இருக்கட்டும். ரெண்டு பக்கமும் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்கினா ஆவியாகுது. வெளியே கூடுதலா இறங்கினா ஒழுகுது. பம்ப் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திட்டு ஒரு தடவை பார்த்தா இன்னும் தெளிவாத் தெரியும்.

பதில் 2

நான் குளம் பராமரிப்பு வேலையில் இருக்கேன். இப்போதைக்குத் தரையை உடைக்கச் சம்மதிக்காதீங்க. உங்க குளத்தில் 1 செ.மீ. இறங்கினாலே 320 லிட்டர். தினம் 2 செ.மீ.ன்னா 640 லிட்டர். வெயிலும் காத்தும் சாதாரணமா அரை செ.மீ. பக்கம் எடுக்கும். மீதி எங்கேயோ மண்ணுக்குள்ளே போகுது. அதனால இதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஸ்கிம்மருக்குப் பின்னால் மண் கரைஞ்சா மேல் தரை உட்காரும், அந்த அசைவில் விரிசல் இன்னும் பெரிசாகும்.

தண்ணி வாயோட கீழ் விளிம்பில் நின்னதுதான் உங்களுக்குக் கிடைச்ச நல்ல துப்பு. அதுக்குக் கீழே குளத்துச் சுவரில் பெரிய ஒழுகல் இல்லை. ஆனா இதை வெச்சு வாயில்தான் ஓட்டைன்னு முடிவு கட்டிடக் கூடாது. மட்டம் வாய்க்குக் கீழே போயிட்டா ஸ்கிம்மர் கிணறு (வாய்க்குப் பின்னால் குப்பைக் கூடை இருக்கிற குழி) குளத்திலிருந்து துண்டாகிடும். அப்போ வாய், கிணறு, அடியில் இருக்கிற பைப் மூணுல எது ஒழுகினாலும் தண்ணி அதே இடத்தில்தான் நிக்கும்.

மூணையும் பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. மட்டம் வாய்க்குக் கீழே இருக்கும்போதே, கூடையை எடுத்துட்டு, கிணத்து அடியில் இருக்கிற துளைகளை நட்டு முறுக்கினா விரியுற ரப்பர் அடைப்பு போட்டு மூடுங்க. சிலதில் ஒண்ணு, சிலதில் ரெண்டு துளை இருக்கும். பிறகு கிணத்தில் வாய் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரைக்கும் தண்ணி ஊத்தி, கோடு போட்டு விடுங்க. மறுநாள் இறங்கியிருந்தா கிணத்து உடம்பில் விரிசல். இறங்கலைன்னா வாய் அல்லது பைப். துளையை மூடாம இந்தச் சோதனை செய்யவே வேண்டாம். கிணத்துத் தண்ணி பைப் வழியா குளத்து மட்டத்துக்கே வந்துடும், நல்லா இருக்கிற ஸ்கிம்மர் மேல பழி விழும். அடைப்பு இருக்கிற வரைக்கும் பம்பைத் தொடாதீங்க. வெறும் பம்ப் ஓடினா அதோட சீல் சூடாகிக் கெட்டுப்போகும்.

வாயைப் பார்க்க சாயம் வேணும். குளத்தை வழக்கமான மட்டத்துக்கு நிரப்பி, பம்பை நிறுத்தி, தண்ணி முழுசா அடங்குற வரைக்கும் காத்திருங்க. ஊசி இல்லாத சிரிஞ்சில் அடர்த்தியான ஃபுட் கலரை எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஒரு சொட்டு விடுங்க. அழுத்திப் பீச்சக் கூடாது, கை வேகமே சாயத்தைத் தள்ளிடும். ஒழுகல் இல்லைன்னா சாயம் மேகம் போல அங்கேயே மிதக்கும். இருந்தா மெல்லிய நூலா இழுத்துக்கிட்டு கோட்டுக்குள்ளே போய் மறையும். ஒரு தடவை பார்த்துட்டா சந்தேகமே வராது. கீழ் மூலை ரெண்டையும் பொறுமையாப் பாருங்க, தண்ணிக்குள்ளே இருக்கிற பக்க விளிம்புகளையும் விட்டுடாதீங்க.

பதில் 3

எங்க குளம் லைனர் (உள்ளே விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்) போட்டது. அதில் ஸ்கிம்மர் வாயைச் சுத்தி முகத்தட்டு, அதுக்குள்ளே கேஸ்கெட் (ஒழுகாம அடைக்கிற ரப்பர் பட்டை), சுத்தி ஸ்க்ரூ. கேஸ்கெட் நைஞ்சு போயிருந்தது, மாத்தினோம், ஒழுகல் நின்னது. ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கினா மரை போயிடும், எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். உங்களுக்குக் காங்கிரீட்டுன்னா கடையில் கிடைக்கிற சிலிக்கான் பூசிப் பாருங்களேன்?

பதில் 2

சிலிக்கான் வேண்டாம். ஈரத்தில் சாதா சிலிக்கான் ஒட்டாது, ஒட்டினாலும் எப்பவும் தண்ணிக்குள்ளேயே இருந்தா உரிஞ்சு வந்துடும். அதோட பிசுக்கு படிஞ்ச இடத்தில் பிறகு வேற எதுவும் சரியாப் பிடிக்காது. ரெண்டு பாகம் கலந்து பிசையுற, தண்ணிக்குள்ளேயே இறுகுற எபாக்ஸி புட்டி வாங்குங்க.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. வாளிச் சோதனையில் வெளி மட்டம்தான் கூடுதலா இறங்குச்சு. கிணறு ஒரு சொட்டும் இறங்கலை. சாயம் விட்டதும் இடது கீழ் மூலையில் நீங்க சொன்ன மாதிரியே நூலா உள்ளே போச்சு. வேற எங்கேயும் போகலை. புட்டி வாங்கிட்டேன். குளத்தைக் காலி பண்ணணுமா?

பதில் 2

காலி பண்ணவே கூடாது. வெளியே நிலத்தடி நீர் மேலே இருந்தா காலிக் குளத்தை அது தூக்கிடும். வாய்க்குக் கீழே ஒரு சாண் இறக்கினா போதும்.

கோட்டில் தளர்ந்திருக்கிற பழைய பூச்சை முழுசா சுரண்டி எடுங்க. மேலாகத் தடவினா நிக்காது, புட்டி உள்ளே இறங்குற அளவுக்குப் பள்ளம் வேணும். ஸ்கிம்மர் பிளாஸ்டிக் வழவழப்பா இருக்கும், சொரசொரப்பான உப்புத்தாளால் தேய்ச்சு மங்கலாக்குங்க. கையுறை போட்டு, ரெண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, வரி தெரியாம ஒரே நிறமாகுற வரைக்கும் பிசைங்க. நேரம் போகப்போக இறுகும், அதனால கொஞ்சம் கொஞ்சமாக் கலங்க. கட்டைவிரலால் உள்ளே அழுத்தி ஏத்திட்டு, ஓரத்தை டைலோட சேர்த்து இழைச்சு விடுங்க. மூலையோட நிறுத்தாம ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிப் போடுங்க.

ஏன் விரிசல் விட்டுச்சுன்னும் பார்க்கணும். பிளாஸ்டிக்கும் காங்கிரீட்டும் சூட்டில் ஒரே அளவு விரியாது. மேலே தரைக்கும் குளத்து விளிம்புக் கல்லுக்கும் நடுவில் சிமெண்ட் அடைச்சிருந்தா, தரை விரியும்போது நேரா ஸ்கிம்மர் தலையைத் தள்ளும். அந்த இடைவெளியைச் சுரண்டி, ரப்பர் மாதிரி வளையுற சீலன்ட் போட்டாத்தான் புட்டி நிலைக்கும். நான் பார்க்கிற காங்கிரீட் குளங்களில் வாய்ப் பக்கம் விரிசல் விடுறதுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

புட்டி போட்டு 24 மணி நேரம் விட்டுட்டு மட்டத்தை ஏத்துங்க. அதே மூலையில் திரும்பவும் ஒரு சொட்டு சாயம் விடுங்க. மறுபடியும் தண்ணி இறங்கினா பைப்பை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கணும், அதுக்குக் கருவி உள்ளவரைக் கூப்பிடுங்க. பம்பைப் போடுறதுக்கு முன்னாடி கிணத்துத் துளையில் வெச்ச ரப்பர் அடைப்பை எடுத்துடுங்க.