பதிவேட்டிலிருந்து சீடர் பாலத்தின் பெயரை நீக்கியது சரியா?

பொன்னி:
போன ஞாயிற்றுக்கிழமை டெமாய்னிலிருந்து காரை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேடிசன் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போல) போய்வந்தேன். ஒரு நாவலும் அதன் படமும் உலகறியச் செய்த கூரைப் பாலங்கள் இருக்கும் ஊர்ப்புறம். ஒரு காலத்தில் 19 பாலங்கள் இருந்தனவாம். இன்று ஆறுதான். அவற்றிலும் ஐந்துக்குத்தான், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களை அமெரிக்க அரசு பட்டியலிடும் தேசியப் பதிவேட்டில் இடம். விடுபட்டது சீடர் பாலம். 1883இல் கட்டியது. 2002இல் யாரோ தீ வைத்தார்கள்; பழைய வரைபடத்தின்படியே 2004இல் எழுப்பினார்கள். 2017இல் மறுபடியும் தீ. 2019இல் மறுபடியும் எழுப்பிவிட்டார்கள். பதிவேட்டில் 1976 முதல் இருந்த பெயர் மட்டும் போனது போனதுதான். இரண்டு முறை எரிந்தும் சளைக்காத ஊருக்கு இதுவா மரியாதை?

ஏடறிந்தவன்:
பதிவேடு பொன்னாடை போர்த்தும் மேடை அல்ல, அம்மா. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது, அளவுகோல்கள் உண்டு. இருப்பிடம், வடிவமைப்பு, சுற்றுப்புறம், பொருள், கைத்திறன், உணர்வு, தொடர்பு என்று ஏழு பார்ப்பார்கள். பொருளும் கைத்திறனும் 2002லேயே சாம்பலாகிவிட்டன. 1883இல் அதைக் கட்டிய பென்டன் ஜோன்ஸ் அடித்த ஆப்பு ஒன்றுகூட இன்றைய பாலத்தில் இல்லை. 2019இல் அறுத்த மரத்தை 1883 என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

பொன்னி:
இருப்பிடத்தை முதலில் சொன்னீர்களே, அதற்கே வருகிறேன். கட்லர்-டோனஹோ பாலத்தை 1970இல் ஆற்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வின்டர்செட் நகரப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுகிறார்கள். ஐம்ஸ் பாலம் 1887இலும் 1977இலும் இரண்டு முறை இடம் மாறியது. இரண்டும் பதிவேட்டில் இருக்கின்றன. சீடர் பாலத்திலோ ஓடைக்கு மேலே காரிலேயே கடந்தேன். ஆறு பாலங்களில் அப்படிக் கடக்க முடிந்தது அது ஒன்றில்தான். ஆற்றைத் தொலைத்தது அசல், வண்டியைத் தாங்குவது போலியா?

ஏடறிந்தவன்:
நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். இடம் மாறியவை பொதுவாகத் தகுதி பெறுவதில்லை. கட்டுமானக் கலைக்காகவே மதிப்புள்ளவை என்றால் விலக்கு உண்டு. மரம் அதே மரம் அல்லவா? திரும்பக் கட்டியவற்றுக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் அதே தொடர்புள்ள வேறு கட்டுமானம் எதுவும் பிழைத்திருக்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. இங்கே ஐந்து பிழைத்திருக்கின்றனவே. சீடர் பாலத்தை வெளியே நிறுத்தியிருப்பது அதன் உடன்பிறப்புகள்தான்.

தச்சன்மகன்:
இருவரும் ஏட்டிலேயே நிற்கிறீர்கள். மரத்துக்கு வாருங்கள். இந்தப் பாலங்களுக்கு ஏன் கூரை போட்டார்கள்? அழகுக்கு அல்ல. தளத்துக்குப் போட்ட பெரிய மரங்கள் விலை கூடியவை. மழையில் நனைந்து அவை உளுத்தால் மாற்றக் கட்டுப்படியாகாது. கூரையும் பக்கப் பலகையும் மலிவு. அவை நனையட்டும், கெட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கவுண்டி நிர்வாகம் கணக்குப் போட்டது. மாற்றுவதற்கென்றே போட்ட உடுப்பு அது! மற்ற ஐந்தையும் அவ்வப்போது பழுதுபார்த்துத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எத்தனை பலகை மாறினால் அசல் போலியாகும் என்று ஏடறிந்தவர் சொல்லட்டும்.

இன்னொன்று. இதியேல் டவுன் 1820இல் காப்புரிமை வாங்கிய சட்டக முறை இது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து, ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் துளையிட்டு மர ஆப்பு அடிப்பார்கள். தட்டிப் பின்னல் போலத் தெரியும். பெரிய உத்திரம் தேடி அலைய வேண்டாம்; ஊர்த் தச்சனே செய்துவிடுவான். அந்த வேலையை இன்று ஒருவர் திரும்பச் செய்தால் கைத்திறன் செத்துவிட்டதா, பிழைத்துவிட்டதா? ஜப்பானில் இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டுகிறார்கள். அதைப் போலி என்று யாராவது சொல்வார்களா?

ஏடறிந்தவன்:
இசே வேறு. அங்கே புதுப்பிப்பதே வழிபாடு. தலைமுறை தலைமுறையாக முறை வைத்துச் செய்கிறார்கள். இங்கே நடந்தது தீவைப்பு. ஆனால் பலகைக் கணக்குக்கு என்னிடம் எண் இல்லை, ஐயா. கொஞ்சம் கொஞ்சமாக மாறியதும் ஒரே இரவில் போனதும் ஒன்றல்ல என்பது மட்டும் என் கட்சி.

வழிப்போக்கன்:
இல்லாத மகுடத்துக்கு இத்தனை சண்டையா? பதிவேட்டில் பெயர் இருந்தால் கட்டடத்துக்குக் காவல் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த வேலை என்றால் பரிசீலனை நடக்கும், அவ்வளவுதான். தனியார் உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடித்தால் பதிவேட்டால் தடுக்க முடியாது. சீடர் பாலமும் 2002இல் பெயரோடுதான் எரிந்தது. இதே கவுண்டியின் மெக்பிரைடு பாலம் 1983இல் எரிந்த கதை தெரியுமா? காதலியின் பெயரெழுத்தோடு தன் எழுத்தையும் அதில் செதுக்கியிருந்த ஒருவர், காதல் முறிந்ததும் அதை அழிக்கப் பாலத்தையே கொளுத்தினார் என்பார்கள். பட்டயத்தைவிடக் கண்காணிப்புக் கேமரா உருப்படியான செலவு.

பொன்னி:
எழுத்து என்றதும் நினைவு வருகிறது. அந்த ஆறில் இன்னொன்றான ரோஸ்மன் பாலத்தின் உட்சுவரில் கை வைக்க இடமில்லை. பேனா, கத்தி, சாவி என்று கிடைத்ததை வைத்துப் பெயரெழுதியிருக்கிறார்கள். சீடர் பாலத்தில் பலகை இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. ஆனாலும் கதவு உயரத்தில் ஒரு ஜோடிப் பெயர் விழுந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

ஏடறிந்தவன்:
பதிவேட்டுக்குப் பொதுவாக 50 வயது ஆக வேண்டும். 2069இல் இந்தப் பாலத்தையே அதன் சொந்தக் கதைக்காக, எரித்தும் எழுப்பிய கதைக்காக, முன்மொழியலாம். அப்போது நான் எதிர்க்க மாட்டேன். 1883 என்று மட்டும் எழுதாதீர்கள்.

தச்சன்மகன்:
பொன்னி அம்மா, அடுத்த முறை போனால் அந்தப் பின்னலில் ஆப்புத் தலைகளைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள். மர ஆப்பா, இரும்புப் போல்ட்டா என்று பார்க்க வேண்டும். போல்ட் என்றால் நான் ஏடறிந்தவர் பக்கம் போய்விடுவேன்.